புதன்கிழமை மத்தியானம், ஒரு கொக்ரெயில் பாரில்

1

போன கிழமை எங்கள் வேலையிடத்தில் ஒருத்திக்குப் பிரியாவிடை. நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். இரவு வேலைக்காரரும் வரவேண்டும் என்பதால் மத்தியானச் சாப்பாடாக வைப்போம் என்று முடிவெடுத்து, இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகர நடுவில் இருக்கிற ஒரு கொக்ரெயில் பாரின் பெயரைச் சொன்னார்கள். இந்த நாட்டில் ஊருக்கு ஊர் அதே பெயர்ப் பலகையோடும் அதே ஊதா விளக்குகளோடும் கிளை வைத்திருக்கிற கடை அது. நான் வரவில்லை என்றேன்.

“குடிக்கிற இடம் உங்கள் மதத்தில் கூடாதோ?” என்று ஒருத்தி மிகவும் பரிவோடு கேட்டாள். தலையாட்டிவிட்டேன். அவர்களுக்கு அது விளங்கக்கூடிய காரணம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

உண்மை வேறு. அந்தக் கடைக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன். போன வருசம், ஒரு புதன்கிழமை மத்தியானம், என் மகள் ஆரணியோடு. அன்றைக்கு நடந்ததை இங்கே யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் புத்தூர் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

2

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருப்பவர் என் அக்கா பவளம். நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், எங்களுக்குப் பிறகு வெகுகாலம் கழித்துப் பிறந்த தம்பி நேசன். அக்கா வெளிநாட்டை ஒருநாளும் விரும்பியதில்லை. தோட்டத்தில் வெங்காயமும் கத்தரியும் போட்டார். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் கத்தரிக்காய்ச் சாக்கை நிறுத்திவிட்டு, கால்களை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்கு ஓடுவார். “பொம்பிளையள் இப்பிடியும் ஓடுறதோ?” என்று கேட்ட ஒருவருக்கு, “சாக்குக்குக் கால் இருந்தால் அது நடந்து போகும், நான் சேலை மடிப்புக் குலையாமல் வருவன்” என்று சொன்னவர்.

அப்படிப்பட்டவரின் வலது காலில் வேலிக் கம்பி கீறியது. சீனி வருத்தக்காரி, நீரிழிவில் கால் மரத்திருந்தது. கீறியது அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபோது புண் கறுத்துவிட்டது. ஆசுபத்திரியில் படுக்கவைத்தார்கள். டொக்டர் அத்தானை, அதாவது அக்காவின் கணவரை, வெளியே கூப்பிட்டு, காலை எடுக்கவேண்டி வரும், மனுசியை ஆயத்தப்படுத்துங்கள், கையெழுத்துக்கு நான் வந்து பேசுவேன் என்றாராம். அத்தான் பயந்த மனிதர். அக்காவிடம் போய், புண்ணைத் துப்புரவாக்க ஒரு சின்ன ஒப்பிரேசன் என்று மட்டும் சொல்லிவிட்டார். உண்மையை எனக்குத்தான் ரெலிபோனில் சொன்னார்.

சின்ன ஒப்பிரேசனுக்கே அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ரெலிபோனில் என்னிடம் சொன்னார்:

“எனக்கு மயக்க மருந்து தாறதெண்டால் தரட்டும். அதுக்கு முன்னம் நான் நேசனைப் பாக்கவேணும். நீயும் அவனும் ஒரு மேசையிலை இருக்கிறதைக் காட்டு. பிறகு என்னத்தையெண்டாலும் வெட்டுங்கோ.”

இதுதான் முடியாத காரியமாக இருந்தது. தம்பி எங்கள் வீட்டின் சின்ன அறையில் பல வருசம் இருந்தவன். அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. இங்கே பிறந்த பெண், அவளைக் கட்டினால் விசாப் பிரச்சினை தீரும். அவன் மாட்டேன் என்றான். நான் இரவு வேலைக்குப் போயிருந்த ஒருநாள் என் கணவர், “இன்னும் எவ்வளவு காலத்துக்கு உனக்குச் சோறு போடுறது?” என்று கேட்டிருக்கிறார். காலையில் நான் வந்தபோது அறை கூட்டித் துடைத்துக் கிடந்தது. இவரோடு நான் சண்டை பிடித்தேன், கதைக்காமல் இருந்தேன், அழுதேன். தம்பி ரெலிபோன் எண்ணையே மாற்றிவிட்டான். ஊருக்கும் எப்போதாவதுதான் எடுப்பான். அதுவும் குரல் மட்டும், முகம் காட்டமாட்டான்.

அக்காவின் கட்டளையை நான் குசினியில் சமைத்தபடி இவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டேன். படியில் குந்தியிருந்து போனை நோண்டிக்கொண்டிருந்த ஆரணி தலை நிமிராமல் சொன்னாள்:

“மாமா எங்க வேலை செய்றார் எண்டு எனக்குத் தெரியும்.”

அவள் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரப்பி படிக்கிறாள். வகுப்பு மத்தியானத்தோடு முடிகிற புதன்கிழமைகளில் அந்தப் பாருக்குப் போய் அவனைப் பார்த்து வந்திருக்கிறாள். ஒரு வருசத்துக்கும் மேலாக. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று இவர் சத்தம் போட்டார்.

“நீங்க கேக்கேல்லையே,” என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு மேலே போனாள். 

3

இங்கே மத்தியானம் என்றால் அங்கே பின்னேரம், ஆசுபத்திரியில் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம். தம்பிக்கு இடைவேளையும் அப்போதுதான். ஆகவே அந்தப் பாரில், அந்த நேரத்தில் என்று ஆரணி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள்.

பஸ்ஸில் போகும்போது அவளுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். “பெரியம்மாவுக்கு முன்னாலை கால் விசயம் மூச்சு விடக்கூடாது.” சிரித்துக்கொண்டு “ஓகே அம்மா” என்றாள். அவளுக்கு விளங்கியது என்று நினைத்தேன்.

பகலில் அந்த இடம் ஒரு மாதிரியாக இருந்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே ஊதா விளக்கு எரிந்தது. ஒருவன் மேசைகளின் மேல் கவிழ்த்திருந்த கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தான். எலுமிச்சம்பழ மணமும், நேற்றைய மதுவின் புளித்த மணமும், நிலம் கழுவுகிற மருந்தின் மணமும் கலந்து வந்தன. ஒரு மூலையில் திருமணத்துக்கு முந்திய கொண்டாட்டத்துக்கு வந்த ஒரு கல்யாணப் பெண்ணும் தோழிகளுமாக, மார்பில் குறுக்கே பட்டி கட்டிக்கொண்டு, அந்த நேரத்திலேயே சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த யாராவது கண்ணாடிக்கு வெளியே போகிறார்களா என்று பார்த்தபடி இருந்தேன். ஊரில் சாராயத் தவறணை இருக்கிற ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப் போய்ப் பழகிய கால்கள். 

பரிமாறுகிற பெண் ஆரணியைப் பெயர் சொல்லி அழைத்தாள். என்னை “மை லவ்” என்றாள். ஆரணி எனக்கு இஞ்சியும் தேசிக்காயும் போட்ட ஏதோ ஒன்றுக்குச் சொன்னாள். “அல்கஹோல் இல்லை அம்மா, சத்தியமா.” கிளாசின் விளிம்பில் உப்புப் பூசியிருந்தது. பருகாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கறுத்த ஏப்ரன், கை முழங்கைவரை ஈரம். மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தட்டில் உருளைக்கிழங்குப் பொரியல் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

“சாப்பிடுங்கோ சின்னக்கா. ஆரணி இதுக்குத்தான் வாறவள்.”

“என்னடா இப்பிடி மெலிஞ்சுபோனாய்?”

“ஓடித் திரியிற வேலை. வேறை ஒண்டுமில்லை.”

கோபிக்கலாமென்று யோசித்துக்கொண்டு வந்தவள் நான். அவனுடைய ஈரக் கையைப் பிடித்ததும் ஒன்றும் வரவில்லை. விசா என்ன நிலை என்று கேட்டேன். பழைய விசா முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போட்டிருக்கிறான். பதில் வரும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம். பதில் வருமுன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே செத்துவிடும். “கதவு திறந்துதான் கிடக்கு. வெளியிலை போகத்தான் திறக்கும்,” என்றான்.

ஆரணி போனைச் சீனிக் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தி ஊருக்கு எடுத்தாள்.

4

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். பின்னால் அத்தானின் சேட்டுப் பொத்தான்கள் தெரிந்தன. தம்பியைக் கண்டதும் அக்கா திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுவந்தார். எங்களுக்கு நெற்றியும் திருநீறும் மட்டும்தான் தெரிந்தன.

“நரைச்சுப்போனாயடா.”

“ஓம் பெரியக்கா.”

“சாப்பிடுறியோ?”

“ஓம்.”

“உதென்ன பின்னாலை, இவ்வளவு போத்தில்?”

தம்பி திரும்பிப் பார்த்தான். சுவர் முழுக்க, கூரைவரை, விளக்குப் போட்ட போத்தில்கள்.

“எண்ணெய், பெரியக்கா. இது சாப்பாட்டுக் கடை.”

“இவ்வளவு எண்ணெயோ? வெள்ளைக்காரர் பொரிச்சுத்தான் தின்னுறாங்களோ?”

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் என்று நினைக்கும்போதே அக்கா ஆரணியை முன்னுக்கு வரச்சொன்னார். அத்தானிடம் போனைக் கொடுத்துக் கட்டுப்போட்ட காலைக் காட்டச் சொன்னார். ஆரணி காலைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு, மிக அன்பாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

“பயப்பிடாதைங்கோ பெரியம்மா. கால் எடுத்த பிறகு நான் வாறன். வந்து எக்சசைஸ் எல்லாம் காட்டித் தாறன்.”

அத்தானின் கையில் போன் சரிந்தது. திரையில் கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, மறுபடி அக்கா.

“என்ன பிள்ளை சொன்னனீ?”

ஆரணி என்னைப் பார்த்தாள்.

“என்ன சொன்னனீ எண்டு கேக்கிறன். திருப்பிச் சொல்லு.”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா மறுபக்கம் திரும்பிவிட்டார். “இஞ்சேருங்கோ. உங்களுக்குத் தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ சின்ன ஒப்பிரேசன் எண்டனீங்கள்?” அத்தான் ஏதோ சொல்ல முயன்றார். தொடர்பு அறுந்தது.

ஆரணிக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. “நான் மூச்சு விடேல்லையே அம்மா,” என்றாள். காலைக் கண்டதும் பெருமூச்சு விடக்கூடாது, விட்டால் பெரியம்மா பயந்துவிடுவா என்றுதான் அவள் விளங்கிக்கொண்டிருந்தாள். விடாமல் இருந்ததற்கு நான் மெச்சுவேன் என்று எதிர்பார்த்திருந்தாள்.

சற்று நேரத்தில் அத்தானின் குரல் பதிவு வந்தது. அதை ஆரணியின் போனில்தான் கேட்டோம். “ரஞ்சி, மனுசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டுது. ஒருத்தரோடையும் கதைக்குதில்லை. உம்மடை பிள்ளைக்குத் தமிழ் வராட்டி வாயைத் திறக்க விடாதையும். கொன்றுபோட்டீங்கள் அவவை.” நிறுத்தப் போன என் கையை ஆரணி தள்ளிவிட்டு முடியும்வரை கேட்டாள். அவ்வளவு தமிழ் அவளுக்கு நன்றாக விளங்கியது.

தம்பி எழும்பி ஏப்ரனை அவிழ்த்தான்.

“நான் போறன் சின்னக்கா.”

“எங்கை? இடைவேளை முடிஞ்சுதோ?”

“ஊருக்கு.”

“உனக்கென்ன விசரோ? இவ்வளவு காலம் காத்திருந்திட்டு?”

“அவ கையெழுத்து வைக்கமாட்டா. அத்தானாலை ஏலாது. ஆராவது ஒருத்தர் போய்ப் பக்கத்திலை நிக்கவேணும்.”

“நான் போறன். எனக்குப் பாஸ்போட் இருக்கு.”

“நீங்கள் போய் ரெண்டு கிழமையிலை திரும்பி வருவியள். அது அவவுக்கும் தெரியும்.”

மெனேஜர் பெண் தூரத்திலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். அவன் அவிழ்த்த ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே போனான். அந்தக் கிழமைச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். நானும் மகளும் பொரியலைத் தொடாமல் நடுவில் வைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணப் பெண்ணின் கூட்டம் பாட ஆரம்பித்திருந்தது.

போன் மறுபடி அடித்தது. அக்கா. கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் சந்தைக் குரல்.

“ஆரணியைக் குடு. நீங்கள் எல்லாரும் கள்ளர். உது எண்ணெயில்லை, சாராயம் எண்டும் எனக்குத் தெரியும். அவள் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னவள்.”

ஆரணி போனை வாங்கினாள்.

“எங்கை வெட்டுவாங்கள்? அதைக் காட்டு.”

ஆரணி போனை என்னிடம் தந்தாள், தூக்கிப் பிடிக்கும்படி. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். ஒரு காலைக் கதிரையில் ஊன்றி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். கையை விறைப்பாக்கி, முழங்காலுக்குக் கீழே குறுக்காக வைத்தாள்.

“இங்க, பெரியம்மா. இங்க எண்டுதான் நினைக்கிறன். முழங்கால் இருக்கும். முழங்கால் இருந்தா நல்லம். பிறகு பொய்க்கால் போடலாம்.”

பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அக்கா அந்தக் காலை நெடுநேரம் பார்த்தார்.

“ஸ்கூட்டி ஓடலாமோ?”

“தெரியாது. பொய் சொல்ல மாட்டன்.”

“முழங்கால் இருக்கும்?”

“ஓம்.”

“சரி. இஞ்சேருங்கோ, டொக்டரை வரச்சொல்லுங்கோ,” என்றார் அக்கா. இரண்டாவது பாதி அத்தானுக்கு. 

5

அக்கா கையெழுத்து வைத்தார். முழங்காலுக்குக் கீழேதான் எடுத்தார்கள். ஆனால் நஞ்சு ஏறியிருந்தது. சில நாட்களில் மறுபடி கொண்டுபோய் முழங்காலுக்கு மேலேயும் எடுக்கவேண்டி வந்தது. இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. அப்படியும் வரலாம் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாராம், அத்தான் அதையும் விழுங்கிவிட்டார்.

அந்தச் செய்தியை ஆரணிக்கு நான்தான் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில், “நான் ஓம் என்று சொன்னேன், அவ முழங்கால் இருக்குமா என்று கேட்டா, நான் ஓம் என்று சொன்னேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் தமிழ் கதைக்கவில்லை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஊரிலிருந்து போன் வந்தால் எழும்பிப் போய்விடுவாள். 

அக்கா ஒத்துக்கொண்ட பிறகும் தம்பி மனம் மாறவில்லை, அந்தக் கிழமையே போனான். இவர் லீவு போட்டு அவனையும் என்னையும் விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனார். வழிநெடுக ரேடியோ மட்டும் கதைத்தது. இறங்குமிடத்தில் இவர் பெட்டியைத் தானே தூக்கி வைத்து, ஏதோ சொல்லப்போவது போல வாயசைத்து, “கவனம்” என்றார். தம்பி தலையாட்டிவிட்டு உள்ளே போனான். திரும்பி வரும்போது இவர் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. மகள் சொன்னது சரிதான், நாங்கள் கேட்பதில்லை.

பிறகு ஒருநாள் இங்கத்தைய குடிவரவுத் திணைக்களத்திலிருந்து அவனுடைய மின்னஞ்சலுக்கு வந்ததை எனக்கு அனுப்பியிருந்தான், என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகச் சொல்லச் சொல்லி. நாட்டைவிட்டுப் போனதால் உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுகிறோம் என்று இருந்தது. “கருதுகிறோம்” என்ற அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். இளமை முழுவதையும் ஒரு நாட்டு வாசலில் இருந்து கழித்தவன் தானாக எழும்பிப் போய்விட்டானாம்.

ஊரில் அவனைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் கதை. கோப்பாயில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதப் போனான். சம்பளம் இங்கே பாரில் அவனுக்குக் கிடைத்த சில்லறைக்கும் காணாது. “எல்லாரும் என்னட்டை எப்பிடி வெளியிலை போறதெண்டுதான் கேக்கிறாங்கள்,” என்று சிரிப்பான். நல்லது செய்தானா, பிழை செய்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அக்காவைக் குளிக்கத் தூக்கி இருத்துகிறவன் அவன்தான். அக்கா அவன்மேல் எரிந்து விழுகிறார். வந்திருக்கத் தேவையில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அன்பாகச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று இங்கிருந்து எனக்குப் பிடிபடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே அக்காவோடு கதைத்தேன். கை ஈரம் என்பதால் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். ஆரணி மேசையில் ஏதோ தின்றுகொண்டிருந்தாள். இந்தமுறை எழும்பிப் போகவில்லை, பாதித் தட்டு மிச்சம் இருந்ததால் என்று நினைத்தேன்.

அக்கா வழக்கமாக நோவைப் பற்றிச் சொல்கிறவர் அல்ல. அன்றைக்கு அழுதார்.

“ரஞ்சி, எனக்குக் கால் உளையுதடி. இல்லாத கால். ராவிரவா உளையுது. சொன்னால் அத்தான் கோயிலுக்கு நூல் கட்டப் போறார். நேசன் ‘அது நினைப்பு, பெரியக்கா’ எண்டுறான். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு விசர் எண்டு கதைக்கிறாளாம். எனக்கு விசரோ?”

நான், “சரியாப்போகும் அக்கா” என்றேன். இங்கே வயோதிபர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாயில் நிற்கிற வார்த்தை அது.

ஆரணி தட்டைத் தள்ளிவிட்டு எழும்பி வந்தாள். போனைத் தூக்கிப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. ஒரு வருசம் பாவிக்காத சொற்களைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

“விசர் இல்லை, பெரியம்மா,” என்றாள். “அது உண்மை.”

அக்காவின் அழுகை நின்றது.

“ஆரணியோ?”

“ஓம்.”

“உண்மையோ பிள்ளை? இல்லாத கால் நோகுமோ?”

“நோகும். கனபேருக்கு நோகும். உங்களுக்கு உண்மையா நோகுது.”

அக்கா மூக்கை உறிஞ்சினார். பக்கத்தில் நின்ற அத்தானை, “கேட்டியளோ?” என்று அதட்டினார். ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“எங்க நோகுது எண்டு சொல்லுங்கோ.”

“பெருவிரல்,” என்றார் அக்கா.